பச்சைக் கோடும் கேட்காத குரலும்

தலைப்பைப் பாத்துட்டு கவிதைன்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது என் பொழப்பு சம்பந்தப்பட்ட பதிவு. நெட்வொர்க்ல பாக்கெட் தொலையறதை எப்படி எண்றதுங்கற சமாச்சாரம். ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரிஞ்சா போதும், பயப்படாம படிக்கலாம் :-)

முதல்ல பாக்கெட்னா என்னன்னு சொல்லிடறேன். நாம பேசற பேச்சு ஐபி லைன்ல ஒரே ஓட்டமா போறதில்லை. 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொட்டலமா கட்டி அனுப்பிடும். செகண்டுக்கு 50 பொட்டலம். வழியில எப்பவாவது ஒண்ணு தொலைஞ்சா காது கண்டுக்காது. நூத்துக்கு அஞ்சு, பத்துன்னு தொலைய ஆரம்பிச்சா "ஹலோ... ஹலோ... கேக்குதுங்களா?" தான்.

2022 ஜூன்ல ஒரு கம்பெனிக்கு இந்த வேலையா போனேன். தலைமை அலுவலகம் சென்னை. கோயமுத்தூர்ல எட்டு பேர் உக்காந்து வாடிக்கையாளர்கள்கிட்ட போன்ல பேசற கிளை. வெளி உலகத்துக்கான போன் லைன் எல்லாம் சென்னையில, அங்கிருந்து கோவைக்கு ஒரு வாடகை லைன். பேசி முடிச்சதும் வாடிக்கையாளர் மார்க் போடணும். 'குரல் தெளிவில்லை'ன்னு மார்க் குறைஞ்சா அந்த மாச ஊக்கத்தொகையில வெட்டு. ஏப்ரல்ல இருந்தே எட்டு பேருக்கும் வெட்டு விழுந்துட்டு இருந்துச்சு.

மேலாளர் கையில ஒரு கிராப் இருந்துச்சு. மூணு மாசத்துக்கும் பச்சைக் கோடு, லாஸ் பூஜ்யம். "லைன் சுத்தமா இருக்கு சார், இவங்கதான் வாய்க்குள்ள பேசறாங்க"ன்னார். லைன் குடுத்த நிறுவனமும் அதே கிராப்பைக் காட்டி புகாரை மூடிடுச்சு. கிளையில ஒரு அம்மா போன்ல சொன்னாங்க, "கத்திக் கத்தித் தொண்டையே போயிருச்சுங்க சார். அவங்க பேசறது எங்களுக்கு நல்லாக் கேக்குதுங்க. நாங்க பேசறதுதான் அவங்களுக்குக் கேக்க மாட்டேங்குதுங்க."

அந்த ஒரு வாக்கியத்துல பாதி விடை இருக்கு பாருங்க. ஒரு திசை நல்லா இருக்கு, இன்னொரு திசை இல்லை.

பச்சைக் கோடு எங்கேர்ந்து வந்துச்சு? பிங்ல இருந்து. 1983 டிசம்பர்ல மைக் மூஸ்ங்கறவர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்துல இருந்தப்ப எழுதின சின்ன நிரல் அது. கப்பல்ல சோனார் ஒலி அனுப்பி எதிரொலி கேக்கறாங்களே, அந்த சத்தத்தோட பேரையே வெச்சார். கிணத்துல கல்லைப் போட்டு 'டொபுக்' வருதான்னு பாக்கற மாதிரி. ரொம்ப நல்ல கருவி. ஆனா அதுகிட்ட கேக்கக்கூடாத கேள்வியைக் கேட்டா அது என்ன பண்ணும்?

இங்க மூணு சிக்கல். ஒண்ணு, எண்ணிக்கை. அந்த மானிட்டர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அஞ்சு பிங் அனுப்புது. ஒரு மணி நேரத்துக்கு 60. புள்ளியியல்ல ஒரு கைக்கணக்கு உண்டு. N தடவை சோதிச்சு ஒண்ணுகூட தப்பலைன்னா, நிஜமான தப்பு விகிதம் அதிகபட்சம் 3/N-ன்னு 95 சதவீத நம்பிக்கையோட சொல்லலாம். மூணை 60-ஆல வகுத்தா 5 சதவீதம். அதாவது 'பூஜ்யம்'னு எழுதியிருக்கற இடத்துல 'அஞ்சு சதவீதத்துக்குள்ள எதுவா வேணா இருக்கலாம்'னு எழுதியிருக்கணும். பேச்சைக் கெடுக்க அதுவே தாராளம்.

ரெண்டு, திசை. பிங்குக்கு பதில் வரலைன்னா போற வழியில தொலைஞ்சுதா, வர்ற வழியிலயான்னு அதுக்கே தெரியாது.

மூணு, வரிசை. கோயில்ல சிறப்பு தரிசனம், தர்ம தரிசனம்னு ரெண்டு க்யூ இருக்கற மாதிரி, இந்த லைன்ல பேச்சுப் பொட்டலத்துக்குத் தனி க்யூ, மத்ததுக்குத் தனி க்யூ. பிங் போறது தர்ம தரிசனத்துல. அங்க கூட்டமே இல்லைன்னா பச்சைக் கோடு வராம என்ன பண்ணும்!

அதனால சென்னையில ஒண்ணு, கோவையில ஒண்ணுன்னு ரெண்டு சின்னப் பெட்டி வெச்சேன். ரெண்டும் ட்வாம்ப்ங்கற முறையில பேசிக்கும். 2008-ல ஆர்எஃப்சி 5357-ஆ வந்த பொது முறை, யார் வேணா பயன்படுத்தலாம். அதுல இருக்கற சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடுதாசி உதாரணத்துலயே சொல்றேன்.

நான் 1, 2, 3, 4, 5-ன்னு நம்பர் போட்டு அஞ்சு கடுதாசி போடறேன். நீங்க ஒவ்வொண்ணுக்கும் பதில் போடும்போது என் நம்பரையும் எழுதி, உங்க வரிசை நம்பரையும் தனியா எழுதணும். எனக்கு நாலு பதில்தான் வருது, என்னோட 3-க்கு பதில் இல்லை. இப்ப உங்க நம்பரைப் பாக்கறேன். 1, 2, 3, 4-ன்னு தொடர்ச்சியா இருந்தா, என் மூணாவது கடுதாசி உங்களுக்கு வந்தே சேரலை. 1, 2, 4, 5-ன்னு நடுவுல விட்டுப் போயிருந்தா, நீங்க பதில் போட்டுட்டீங்க, திரும்பற வழியில தொலைஞ்சுது. அவ்ளோதான்! ஒரு திசையில எவ்வளவு நேரமாகுதுன்னு அளக்கத்தான் ரெண்டு பெட்டியோட கடிகாரமும் ஒத்துப்போகணும். எத்தனை தொலைஞ்சுதுன்னு எண்றதுக்கு அந்தத் தலைவலி கிடையாது.

செகண்டுக்கு 10 பொட்டலம், பேச்சுப் பொட்டலத்தோட அதே அளவு, அதே சிறப்பு தரிசன முத்திரை. ஒரு மணி நேரத்துக்கு 36,000. காலையில ஒன்பது மணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுகூட தொலையலை. பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குள்ள சென்னையிலேர்ந்து கோவைக்கு 3 தொலைஞ்சுது. கோவையிலேர்ந்து சென்னைக்கு? ஆயிரத்து நூத்துச் சொச்சம். சராசரியா மூணு சதவீதம்தான், ஆனா எல்லாம் கொத்துக் கொத்தா. ஒரு நிமிஷம் சுத்தம், அடுத்த நிமிஷம் சல்லடை.

காரணம் கூட்டல் கணக்குல மாட்டுச்சு. அவங்க போன் முறையில ஒரு பேச்சுக்கு ஒரு திசையில சுமார் 80 கேபிபிஎஸ். கோவைப் பக்க வாசல்ல பேச்சு க்யூவுக்கு வெச்சிருந்த வரம்பு 512. ஆறு பேர் பேசினா 480, கச்சிதம். ஏழாவது ஆள் போனை எடுத்தா 560. வாசல்ல நிக்கற காவலாளி மிச்சத்தை ஓரமா நிக்க வெக்க மாட்டார், வெளிய தள்ளிடுவார். அதுவும் ஏழாவது ஆளோடதை மட்டும் இல்லை, ஏழு பேரோடதுலயும் கலந்து. ஒருத்தர் கூடினா எல்லார் குரலும் உடையும். சென்னைப் பக்க வாசல்ல வரம்பு சரியா இருந்ததால வாடிக்கையாளர் குரல் மட்டும் ஜம்முனு வந்துச்சு.

ரெண்டு பெட்டியோட கணக்கையும் அனுப்பினதும் லைன் நிறுவனம் வாக்குவாதம் பண்ணலை. கோவைப் பக்க வரம்பு மார்ச்ல புது லைன் போட்டதுல இருந்தே தப்பா இருந்ததை ஒத்துக்கிட்டாங்க. மாத்தறதுக்கு அரை மணி நேரம்கூட ஆகலை.

கதை இங்க முடியலை மக்களே. வெட்டின பணம் என்னாச்சுன்னு கேப்பீங்கல்ல?

ஜூன் மாச வெட்டைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க, அளந்த கணக்கு இருக்கே. மே, ஏப்ரலுக்கு "ஆதாரம் இல்லையே சார்"னாங்க. அந்த அம்மா கேட்டாங்க, "அப்ப அந்த ரெண்டு மாசம் நாங்க ஒழுங்காப் பேசலைன்னு அர்த்தமாங்க சார்?" எனக்கு பதில் சொல்ல வாய் வரலை. போன் சர்வர் பதிவுல ஒரே நேரத்துல எத்தனை பேர் பேசினாங்கன்னு இருக்கும். அதைத் தோண்டி, ஆறு பேரைத் தாண்டின நிமிஷங்களையும் மார்க் குறைஞ்ச அழைப்புகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினேன். மே மாசப் பணமும் வந்துச்சு. அந்தப் பதிவு 60 நாளைக்குத்தான் இருக்கும். ஏப்ரல் அழிஞ்சு போச்சு, ஏப்ரல் பணமும் அப்படியே போச்சு.

அதனால நெட்வொர்க் வேலையில இருக்கற சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க திரையில பூஜ்யம்னு பச்சையா எரிஞ்சா, எத்தனை அனுப்பினோம், எந்தத் திசை, எந்த க்யூன்னு மூணு கேள்வி கேட்டுட்டு அப்புறம் நம்புங்க. ரெண்டு பெட்டியை லைன் போட்ட அன்னிக்கே வெச்சிடுங்க, புகார் வந்தப்புறம் இல்லை. உங்க ஆபீஸ்ல இப்படி பச்சைக் கோடு பொய் சொன்ன கதை இருந்தா பின்னூட்டத்துல எடுத்து விடுங்க, கேக்க ஆசையா இருக்கேன்.