கயலுக்கு, வண்டியை உயர்த்துவதற்கு முன்

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல் அம்மணிக்கு,

நீ அனுப்பிய படங்களும் இரண்டு விலைப்பட்டியலும் வந்து சேர்ந்தன. மூன்று அங்குலம் உயர்த்தும் செட் ஒன்று, 40 மில்லிமீட்டர் செட் ஒன்று. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பெரியதையே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் அம்மணி. 40-ஐ எடு. அதையும் வண்டியின் எடையைப் பார்த்த பிறகு எடு. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று அக்கா சொன்னதில் எனக்குப் பெரிய நிம்மதி.

வண்டிக்கு அடியில் படுத்துப் படம் எடுத்தாயே, அதுதான் இந்த விஷயத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை. எங்கே உரசியிருக்கிறது என்பதுதான் எதை வாங்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற அந்தக் குழாயில் டிஃபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. ஆக்சில் டயரின் மேல் நிற்கிறது, ஸ்பிரிங் ஆக்சிலின் மேல் நிற்கிறது. அதனால் ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அந்த உருண்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். எழும்புவது சேஸியும் பாடியும் மட்டும். கம்பெனி சொல்லும் 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸைக் கூட்ட நடைமுறையில் டயரைத் தவிர வேறு வழி கிடையாது. அதிலும் கிடைப்பது கொஞ்சம்தான்: உன் வண்டியோடு வந்த 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். பலரும் மாற்றிப் போடுகிற 215/75 ஆர்15 கிட்டத்தட்ட 704. பாதிதானே ஆக்சிலுக்குக் கீழே வரும்? ஆக, ஐந்து மில்லிமீட்டர். அந்த டயரை வாங்குவது உயரத்துக்காக அல்ல, சேற்றிலும் கல்லிலும் பிடிக்கிற ஆல்-டெரெயின் பட்டனுக்காக.

உன் படங்களில் டிஃபரன்ஷியல் மேல் மெல்லிய கீறல்கள்தான் தெரிகின்றன. ஆழமான உரசல் எல்லாம் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில். டிராக்டர் தடத்தில் போய் நடு மேடு இடித்திருந்தால் உருண்டைதான் அடி வாங்கியிருக்கும், அதற்கு லிஃப்ட் எந்த உதவியும் செய்யாது. நீ மாட்டியது எஸ்டேட் ரோட்டின் குறுக்கே தண்ணீர் வடிய வெட்டிப் போட்ட மேடுகளில். முன்சக்கரம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் ஏறவில்லை, வயிறு உட்கார்ந்துவிட்டது. ஐந்து கதவு ஜிம்னியின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 2,590 மில்லிமீட்டர், மூன்று கதவுக்கு 2,250. அந்த நீளம்தான் இங்கே காலை வாருகிறது: மேட்டைத் தாண்டும் கோணம் மூன்று கதவில் 28 பாகை, உன்னுடையதில் 24. சேஸியை 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 3 பாகை திரும்பக் கிடைக்கும். அதனால் உனக்கு லிஃப்ட் தேவைதான். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பதற்காகக் கேட்டிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

அப்படியானால் மூன்று அங்குலம் இன்னும் நல்லதுதானே என்பாய். இங்கேதான் நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முன் ஆக்சிலைச் சேஸியோடு பிடித்திருப்பவை பக்கத்துக்கு ஒரு கை. சேஸி மேலே போனால் அந்தக் கை சாயும், அதோடு ஆக்சிலும் உருளும். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பது, கையை லேசாக விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. காரிலும் அதே சாய்வு உண்டு, பட்டறையில் கேஸ்டர் என்பார்கள். ஆக்சில் உருளும்போது அந்தச் சாய்வு குறைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. நேர் ரோட்டில் 80-ல் போகும்போது வண்டி அலையும். 40 மில்லிமீட்டருக்கு, துளை நடுவிலிருந்து விலகிய கேஸ்டர் புஷ் போட்டுச் சாய்வைத் திருப்பிவிடலாம். மூன்று அங்குலத்துக்கு அது போதாது, புதிய கைகளோ கையைக் கீழிறக்கும் பிராக்கெட்டோ வேண்டும். நீ அனுப்பிய மூன்று அங்குலப் பட்டியலில் இவை எதுவுமே இல்லை, ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும்தான். அதனால்தான் விலை 40 செட்டின் அருகே நிற்கிறது. கேஸ்டர் புஷ் உள்ள 40 செட் முழுமையானது, மூன்று அங்குலம் பாதி செட்.

இன்னொன்று, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்ட் கம்பி. ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். அதன் நீளம் மாறாது. சேஸி உயர்ந்தால் கம்பி சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். 40-க்குச் சில மில்லிமீட்டர், பொறுத்துக்கொள்ளலாம். மூன்று அங்குலத்தில் ஒரு பக்க டயர் வெளியே வந்திருப்பது கண்ணுக்கே தெரியும், நீளத்தை மாற்றக்கூடிய கம்பி தனியாக வாங்க வேண்டியிருக்கும். கூடவே புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்வு வரும். பிரேக் ஹோஸ் எட்டாது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று ஒரு ஸ்டீயரிங் டேம்பரை மாட்டிவிடுவார்கள். டேம்பர் நடுக்கத்தை மறைக்கும், காரணத்தை எடுக்காது. முழு ஆக்சில் வண்டியில் ஸ்டீயரிங் உதறினால் டயர் பாலன்ஸ், கிங்பின் பேரிங், பானார்ட் புஷ், டை ராட் முனை, கேஸ்டர் என்று ஒவ்வொன்றாகத் தேடித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குக் கவலை தருவது சாய்வு. உன் வண்டி 1,645 மில்லிமீட்டர் அகலம், 1,720 உயரம், அகலத்தைவிட உயரம் அதிகம். அதில் கூரைமேல் கேரியர். நீ போவது ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் மண் அணைப்பு உள்ள ரோடு. மழையில் கரை இளகிய இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து போகும்போது ஒவ்வோர் அங்குலமும் உனக்கு எதிராக வேலை செய்யும். வயிறு தட்டினால் கல்லை அடுக்கி எடுத்துவிடலாம். பக்கவாட்டில் கவிழ்ந்தால் என்ன செய்வது? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உயரத்தைவிட ஓட்டும் கைதான் முக்கியம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளை நீயே பார்த்திருக்கிறாய். பழைய பட்டை ஸ்பிரிங் வண்டிகள் அந்தக் கற்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும், லோ ரேஞ்சில் நிதானமாக ஏற்றுகிறார்கள். உனக்கும் அந்தக் கை வந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஸ்பிரிங். உயரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எடையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் ஸ்பிரிங் வாங்குவது என்றாலே எடையை வாங்குவதுதான். பட்டியலில் 40 என்று எழுதியிருப்பது ஒரு குறிப்பிட்ட எடையில் நிற்கும்போது வரும் உயரம். ஒரு கணக்குக்காக, இரண்டு கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்குகிற ஸ்பிரிங் என்று வைத்துக்கொள். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்த்து 60 கிலோ மாட்டினால் பக்கத்துக்கு 30 கிலோ, 15 மில்லிமீட்டர் போய்விட்டது. பம்பர் ஆக்சிலுக்கு வெளியே தொங்குவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே அமுங்கும். நீ வாங்கிய 40-ல் 25-க்கும் குறைவுதான் மிச்சம். சரி, கனமான ஸ்பிரிங்கே போடுகிறேன் என்று காலி வண்டிக்குப் போட்டால் வேறு தொல்லை: குறித்ததைவிட உயரமாக நிற்கும், சின்னக் கல்லுக்கும் துள்ளும், துள்ளும் டயருக்குப் பிடி இருக்காது. நல்ல கம்பெனிகள் ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று ஸ்பிரிங் வைத்திருப்பது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன் இரண்டின் பட்டியலையும் பார், எடை வாரியாகப் பிரித்திருப்பார்கள். ஐந்து கதவுக்கென்று செய்ததா என்றும் கேள். மூன்று கதவு ஜிம்னி 2018-லேயே வெளிநாடுகளில் வந்துவிட்டது, நம்முடையது 2023-ல்தான் வந்தது. மூன்று கதவின் ஸ்பிரிங்கை இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பார்கள். மாட்ட முடியும், ஆனால் எடை வேறு.

எடை என்று நான் சொல்வது எப்போதும் வண்டியில் இருப்பதை. உன் பேட்டரிப் பெட்டி, கேமரா பொறிகள், கயிறு, கருவிப்பெட்டி, கேரியர், தண்ணீர் கேன். மாதத்துக்கு ஒருமுறை ஏறும் மூன்று பேரை இதில் சேர்க்காதே. காலியாக வண்டி ஏறத்தாழ 1,200 கிலோ. எல்லாம் சேர்த்துத் தாங்கும் வரம்பு 1,545. கூட்டிக் கழித்தால் ஆளும் பொருளுமாக ஏறத்தாழ 345 கிலோதான். எந்த ஸ்பிரிங் போட்டாலும் இந்த வரம்பு நகராது, ஏனென்றால் பிரேக்கும் ஆக்சிலும் பேரிங்கும் பழையவைதான். சங்ககிரிப் பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில், பின்னால் இன்னும் ஒரு பட்டை கூட்டிக் கொடுங்கள் என்று லாரிக்காரர்கள் வந்து நிற்பார்கள். பட்டை கூட்டினால் வண்டி தாழாது, அதனால் அதிக லோடு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சுமை அப்படியே ஹப்பில்தான் இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வின்ச் பம்பர் மாட்டும் யோசனை இருந்தால் அதைத் தள்ளிப் போடு என்றும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எப்போதும் இரண்டு வண்டியாகத்தானே போகிறீர்கள்? நல்ல இழுவைப் பட்டையும் இரண்டு ஷாக்கிளும் போதும்.

ஷாக் அப்சார்பரில் ஒரே ஒரு தெரிவுதான் உனக்கு முக்கியம். மோனோ டியூப் வெப்பத்தை நன்றாக வெளியேற்றும், வேகமான மண் பாதையில் அதுதான் மேல். ஆனால் அதன் வெளிக்குழாயின் உட்சுவரில்தான் பிஸ்டன் ஓடுகிறது. ஒரு கல் அடித்து நெளிந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின் டியூபில் அடி வாங்குவது வெளிக்குழாய், பிஸ்டன் உள்ளே இன்னொரு குழாயில் பத்திரமாக ஓடும். வால்பாறைக் கல் ரோட்டில் மெதுவாகப் போகும் உனக்கு ட்வின் டியூப்தான் சரி. ஷாக்கை ஸ்பிரிங்கோடு ஒரே செட்டாக வாங்கு, அந்த ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்பத்தான் அதை அமைத்திருப்பார்கள். வாங்கும் முன் முழுக்க அமுங்கிய நிலையில் ஷாக்கின் நீளம் என்ன என்று கேள். பழையதைவிட நீளம் என்றால் பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய குழியில் ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும்.

ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் வட்டை மட்டும் போட்டால் போதும் என்று உன் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். 20 மில்லிமீட்டருக்கு அது கெட்ட வழி அல்ல. ஆனால் எடை தாங்கும் திறன் கூடாது, பழைய ஷாக் கீழே இறங்கும் தூரமும் அந்த அளவு குறைந்துவிடும். நீ சுமை ஏற்றுகிறவள், உனக்கு அது உதவாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடு, இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுத்தில் தெரிவி. வாரண்டி என்னவாகும் என்று ஷோரூமில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நல்ல தடிமனான காப்புத் தகடு ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கும் நான் முழு மனதோடு சம்மதம்.

மாட்டும் நாளில் நான் பொள்ளாச்சிக்கு வந்துவிடுகிறேன். கைகளின் புஷ் போல்டுகளை, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரப்படுகிற பட்டறைகளில் இதுதான் தவறுகிறது. பிறகு சேஸியைத் தூக்கிச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பார்ப்போம். அலைன்மென்ட் அன்றே. ஹெட்லைட்டையும் அன்றே இறக்கி அமைக்க வேண்டும். ஆழியாறிலிருந்து மேலே போகும் 40 ஊசி வளைவிலும் எதிரே வருகிற பஸ் டிரைவரின் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

அதற்கு முன் நீ செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த முறை மலை இறங்கும்போது காட்டுக்குப் போகிற சாமான் எல்லாம் வண்டியில் இருக்கட்டும், டேங்கை நிரப்பிக்கொள். பொள்ளாச்சியில் ஏதாவது எடைமேடையில் முன்சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியை ஏற்றி ஒரு சீட்டு வாங்கு. கழித்துப் பார்த்தால் பின் ஆக்சிலின் எடை தெரிந்துவிடும். இரண்டு சீட்டையும் படம் எடுத்து அனுப்பு. அதை வைத்து எந்த எடை வரிசை ஸ்பிரிங் என்று அன்றைக்கே எழுதி அனுப்புகிறேன், பிறகு நீ பணம் கட்டலாம்.

அத்தை நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், பொள்ளாச்சிக்கு வரும்போது எடுத்து வருகிறேன். மழை நாளில் தனியாக அந்த எஸ்டேட் ரோட்டில் போகாதே.

அன்புடன்,
மாமா