‘பார்க்கலாம்’ என்றால் எத்தனை வேட்டி?

ஜார்ஜ் டவுனில் நாசி கந்தார் கடை வரிசையில் நின்றால் தயங்கக் கூடாது. தட்டில் சோறு விழுந்ததும் கரண்டி பிடித்தவர் நம் முகத்தைப் பார்ப்பார். ஆட்டுக்கறியா, மீன் தலையா, வெண்டைக்காயா, எந்தக் குழம்பு என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். ‘பஞ்சிர்’ என்றால் சோறு முழுகக் குழம்பு ஊற்றுவார். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள். நான் வழக்கம்போல, “பார்த்துப் போடுங்கண்ணே” என்றேன். அவர் தமிழிலேயே சிரித்தார்: “சாப்பிடப் போறது நீங்க. நான் என்னத்தைப் பார்க்கிறது?”

அந்தக் கேள்வி சாப்பாட்டோடு நிற்கவில்லை. ஈரோட்டிலிருந்து வேட்டி, துண்டு மாதிரிகளோடு ஆர்டர் தேடிப் பினாங்கு போயிருந்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைக்கு இரண்டு நாள் நடந்தேன். டீ வந்தது, ஊர்க்கதை வந்தது. “உங்க ஆதரவு வேணும்ணே” என்று கும்பிட்டேன். “பார்க்கலாம் தம்பி” என்றார் முதலாளி. சந்தோஷமாக அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது: நான் விலையும் சொல்லவில்லை, எத்தனை வேட்டி வேண்டும் என்றும் கேட்கவில்லை.

வாய்விட்டுக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் எனக்குப் பழையது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். முந்தைய ஆண்டு ஒருவர், “பணம் பார்த்துக்கலாம்” என்றதை நம்பிச் சரக்கு அனுப்பினேன். பாதிப் பணம் இன்னும் வரவில்லை.

மாலையில் மனம் ஆறட்டும் என்று நடந்தேன். லெபோ பாசாரின் பூக்கடைகளையும் பாட்டுச் சத்தத்தையும் தாண்டினால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் சாலை. 1801இல் தென்னிந்தியர்களின் தலைவராக நியமிக்கப்பட்ட காதர் முகைதீனின் பதவிப் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் அது. அவர் நம் பரங்கிப்பேட்டைக்காரர். அதே சாலையில் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில். அதன் முடிவில் புனித ஜார்ஜ் தேவாலயம். அதையும் கடந்தால் கடற்கரை, கார்ன்வாலிஸ் கோட்டை.

இந்தத் தீவே ஒரு பேரத்தில் கைமாறியதுதான். கெடா சுல்தான் அப்துல்லாவுக்குச் சயாமைப் பற்றிய பயம். தீவைக் கொடுத்தால் எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கூச்சப்படாமல் கேட்டார்: ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர், எதிரி வந்தால் படை உதவி. பேசியவர் பிரான்சிஸ் லைட் என்ற வணிகர். படை உதவி பற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து முடிவான பதில் வருவதற்குள், 1786 ஆகஸ்ட் 11 அன்று லைட் இங்கே கொடி ஏற்றிவிட்டார். படை உதவிக்குக் கம்பெனி கடைசிவரை சம்மதிக்கவில்லை. தீவை மீட்கக் கிளம்பிய சுல்தான் 1791இல் தோற்றார். அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை ஆண்டுக்கு 6,000 டாலர். 1821இல் சயாம் கெடாவைப் பிடித்தபோதும் கம்பெனி காக்க வரவில்லை.

சுல்தான் கேட்டதில் குறையில்லை. பதில் வருமுன்னே தீவு போய்விட்டது. நானோ கேட்கவுமில்லை, பதில் வாங்கவுமில்லை. சரக்கை மட்டும் அனுப்பியிருந்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன்: “அண்ணே, 300 வேட்டி எடுத்துக்குங்க. ஒண்ணு 22 வெள்ளி. பாதிப் பணம் முன்னாடி, மீதி சரக்கு வந்து 30 நாள்ல.” ரிங்கிட்டை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். சொல்லி முடித்தபோது உள்ளங்கை வேர்த்திருந்தது.

அவர் முகம் சுளிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தார். “300 முடியாது. 120 அனுப்புங்க. 20 வெள்ளி. முன்பணம் மூணுல ஒரு பங்கு.”

கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் கணக்குப் போட்டேன், கட்டியது. “எழுதிக்கலாமாண்ணே?” என்றேன்.

பில் புத்தகத்தை இழுத்துக்கொண்டே சொன்னார்: “இதை முதல் நாளே கேட்டிருந்தா, எனக்கு ரெண்டு டீ மிச்சம் தம்பி.”