நாற்பது யார் ஓட்டமும் நாலு தசமத்தானமும்

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. விடிய ஐந்தரை மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரு போனைத் தலையணையில சாய்த்து வைத்துவிட்டு ஹொஸ்டல் கட்டிலில் குந்தியிருந்தோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது இன்னும் வியாழன் இரவு எட்டு மணி. விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே நகரத்தில் என்எஃப்எல் ட்ராஃப்ட்டின் முதல் சுற்று தொடங்கப்போகிறது. சத்தம் கேட்டு பக்கத்து அறை அக்கா கதவைத் தட்டினா.

"என்னடி, ஏஎல் ரிசல்ட்ஸ் வந்திட்டுதே?"

ரிசல்ட்ஸ்தான் அக்கா. ஆனா எங்கட இல்ல.

எங்களுக்கும் அமெரிக்கன் ஃபுட்போலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்லப் பெரிய கதை ஒன்றும் இல்லை. கொரோனா காலத்து ஒன்லைன் வகுப்புகளின் புண்ணியத்தில் யூரியூப் எங்களை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது, அதில் ஒரு இடம் இது. எங்கட ஊரில உதைபந்து என்றால் காலால உதைக்கிற பந்து. இவங்கள் கையால எறிஞ்சுபோட்டு ஃபுட்போல் என்கிறாங்கள். முதல் ஆறு மாதம் ஏன் எல்லாரும் அடிக்கடி நிற்கிறார்கள் என்றே விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. அதோடு சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குத் தொடங்குகிற கல்லூரி மட்ச்களை விடமுடியாமல் போய்விட்டது.

ஆனால் மட்ச்சை விட எங்களைப் பிடித்து வைத்திருப்பது இந்த ட்ராஃப்ட்தான். 32 அணிகள், ஏழு சுற்று, 250க்கு மேற்பட்ட கல்லூரிப் பெடியள். போன வருடம் ஆகவும் மோசமாக விளையாடிய அணிக்குத்தான் முதலில் தெரிவுசெய்யும் உரிமை. ஒரு பெடியன் எந்த நகரத்துக்குப் போவான் என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. எவ்வளவு சம்பளம் என்பதும் பெரும்பாலும் அவன் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதில்தான் இருக்கு. உயர்தரப் பாடசாலை முடித்து மூன்று வருடம் ஆகாமல் உள்ளே வரவும் ஏலாது. ஒஹாயோ ஸ்டேட்டில் விளையாடிய மொறிஸ் கிளாறெட் இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் வென்று, 2004ல் மேன்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயோர். ஆக, கல்லூரிதான் வழி.

அந்த வழியின் முடிவில் ஒரு அளவெடுப்பு இருக்கு. வருடாவருடம் இண்டியானாபொலிஸில் நடக்கிற 'கொம்பைன்'. உயரம், நிறை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் என்று எல்லாம் அளப்பார்கள். 225 இறாத்தல் பாரத்தை எத்தனை தரம் தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். 40 யார் தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்று பார்ப்பார்கள். 2022 வரைக்கும் 12 நிமிடத்தில் 50 கேள்விகளுக்கு விடை எழுதுகிற ஒரு புத்திப் பரீட்சைகூட இருந்தது. அதுக்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று பல வருடமாகக் கேட்டு, கடைசியில் கைவிட்டுவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு மிச்சிகன் பெடியன் ஒருவன் அந்த 40 யாரை 5.28 விநாடியில் ஓடினான். குவாட்டர்பேக்குக்கும் அது ஆமை வேகம். ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவன் பெயர் ரொம் பிறேடி. ஏழு சூப்பர் போல் வென்றான். 2017ல் ஜோன் றொஸ் 4.22 விநாடியில் ஓடிச் சாதனை படைத்தார். சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. 2020ல் ஜோ பரோவின் உள்ளங்கை ஒன்பது அங்குலம்தான் என்று வந்தபோது, இந்தச் சின்னக் கையால் பந்து வழுக்குமாம், அப்ப நான் ஓய்வு பெறப் போறன் என்ற கணக்கில் அவரே பகிடி விட்டார். அந்த வருடத்தின் முதல் ஆள் அவர்தான்.

இதெல்லாம் பகிடியாகச் சொல்லக்கூடிய பகுதி. பகிடி இல்லாததும் இருக்கு. 2010ல் டெஸ் பிறையன்ட் என்ற வீரரிடம் நேர்முகத்தில் உன் அம்மா பாலியல் தொழிலாளியா என்று கேட்டார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு மயாமி அணியின் பொது முகாமையாளர் மன்னிப்புக் கேட்டார். ஆளை அளக்கிறம் எண்டு தொடங்கினா எங்க நிப்பாட்டுறது எண்டு இவங்களுக்குத் தெரியாது.

சரி, ஓட்டத்தையும் கையையும் விடுவோம். விளையாடின வீடியோவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்தானே என்று நாங்களும் நினைத்தோம். அங்கேதான் விதிகள் குறுக்கே நிற்கின்றன. கல்லூரி ஃபுட்போலும் என்எஃப்எல்லும் ஒரே விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் கல்லூரியில் பந்தைப் பிடிக்கிறவன் ஒரு கால் எல்லைக்குள் வைத்தால் போதும், என்எஃப்எல்லில் இரண்டு காலும் வேண்டும். கல்லூரியில் யாரும் தொடாமல் தானாக முழங்கால் நிலத்தில் பட்டாலே அந்த ஆட்டம் முடிந்தது. என்எஃப்எல்லில் எதிராளி தொடும்வரை எழும்பி ஓடலாம்.

இன்னொன்று மைதானத்துக்கு நடுவில் போடுகிற சின்னக் கோடுகள். பந்து எந்த ஓரத்தில் நின்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு அந்தக் கோடுகளுக்கு உள்ளேதான் கொண்டுவந்து வைப்பார்கள். கல்லூரியில் அந்த இரண்டு வரிசைக்கும் இடையில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் பந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும், மற்றப் பக்கம் வெளிச்சுக் கிடக்கும். அந்த வெட்டையில் ஒரு பெடியன் அழகாக ஓடித் திரிகிறதைப் பார்த்து வாயைப் பிளந்தால், அதில் எவ்வளவு பெடியன், எவ்வளவு வெட்டை? இதைத்தான் ஸ்கவுட் மார் சம்பளம் வாங்கிக்கொண்டு பிரித்துப் பார்க்கிறார்கள். நாங்கள் சும்மா சண்டை பிடிக்கிறோம்.

அந்த விதிகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2023ல் இருந்து கல்லூரியிலும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, முதல் டவுன் எடுத்தாலும் மணிக்கூடு நிற்காது. ஒரு மட்ச்சில் ஆடுகிற ஆட்டங்கள் கொஞ்சம் குறைந்தன, பார்க்கிறவனுக்குச் சாட்சியும் குறைந்தது. 2024ல் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் பேசலாம் என்று கொண்டுவந்தார்கள். என்எஃப்எல்லில் இது 1994இலேயே வந்துவிட்டது. அதுவரைக்கும் கல்லூரிகள் ஓரத்தில் நின்று கையைக் காட்டியும், சம்பந்தமில்லாத படங்கள் ஒட்டின மட்டையைத் தூக்கிப் பிடித்தும்தான் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தன. மிச்சிகனின் சைகைத் திருட்டு விவகாரம் 2023ல் நாறின பிறகு அந்தக் கூத்துக்கு அவசியம் குறைந்தது.

ஆனால் உண்மையில் விளையாட்டைப் புரட்டிப் போட்ட மாற்றம் மைதானத்துக்கு வெளியே நடந்தது. அதை விளங்க றெஜி புஷ்ஷின் கதை தெரிய வேண்டும். யூஎஸ்சி என்கிற தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர், 2005ல் கல்லூரி ஃபுட்போலின் ஆகப் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கியவர். படிக்கிற காலத்தில் அவரும் குடும்பமும் வெளியாட்களிடம் காசும் வசதியும் வாங்கினார்கள் என்று என்சிஏஏ கண்டுபிடித்தது. 2010ல் அவர் விருதைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லி ஸ்டேடியம் நிறைத்தவர்களிடம் யாரும் ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. 2021 ஜூனில் அல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூச்சியம் என்று என்சிஏஏக்கு எதிராகத் தீர்த்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கட பெயரையும் முகத்தையும் வைத்து உழைக்கலாம் என்று வந்தது. 2024 ஏப்ரலில் புஷ்ஷின் விருது திரும்பி வந்தது. அவர் செய்தது அப்படியே இருந்தது, விதி மட்டும் நகர்ந்தது.

அதே 2021ல் இன்னொரு விதியும் மாறியது. அதுவரை ஒரு கல்லூரியில் இருந்து இன்னொன்றுக்கு மாறுகிற ஃபுட்போல்காரன் பெரும்பாலும் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும். பயிற்சியாளர் மட்டும் காலையில் ஒரு கல்லூரி, பின்னேரம் இன்னொரு கல்லூரி என்று போகலாம். இனி ஒரு தரம் தண்டனையில்லாமல் மாறலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தரமும் மாறலாம் என்று வந்தது.

நாங்கள் அந்த விடியக்காலை காத்திருந்த பெடியன் இந்த விதிகளின் பிள்ளை. காம் வார்ட், டெக்ஸாஸ்காரன். அவன் படித்த பாடசாலை அணி பந்தை எறியவே மாட்டாது, ஓடிக்கொண்டே இருக்கும். எறியாத குவாட்டர்பேக்கை யார் எடுப்பான்? நட்சத்திரம் போட்டுத் தரப்படுத்துகிறவர்கள் அவனுக்கு ஒரு நட்சத்திரமும் போடவில்லை. இன்கார்னேட் வேர்ட் என்ற இரண்டாம் தட்டுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஒருவர்தான் ஒரு முகாமில் கண்டு இடம் கொடுத்தார். அங்கே எறிந்தான். பிறகு அதே பயிற்சியாளரோடு வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனான். 2023 பருவம் முடிய ட்ராஃப்ட்டுக்குப் போகப்போகிறேன் என்று அறிவித்து, பிறகு மனதை மாற்றி மயாமிக்குப் போனான். கொரோனாவுக்காகக் கொடுத்த மேலதிக வருடமும் கையில் இருந்தது. 2024ல் 39 டச்டவுன் எறிந்தான்.

2017ல் அவன் வந்திருந்தால்? இன்கார்னேட் வேர்ட்டிலேயே இருந்து, ஒரு வாய்ப்பு வந்தாலும் ஒரு வருடம் குந்தியிருந்து, பேர் தெரியாமல் போயிருப்பானோ என்னவோ. டென்னஸி அணி அவனை முதலாவது ஆளாக அறிவித்தபோது நாங்கள் போட்ட கத்தலுக்கு அக்கா திரும்பவும் வந்தா.

எல்லாம் நல்லதுக்கு என்று சொல்லவும் எங்களால் முடியாது. கண்டுபிடித்து வளர்த்த சின்னக் கல்லூரி ஒவ்வொரு வருடமும் தன் ஆளைப் பெரிய இடத்துக்குத் தாரைவார்க்குது. 2025 ஜூனில் வந்த நீதிமன்ற இணக்கத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்குப் பங்கிடலாம் என்று வந்தது. கூடவே ஒரு அணியில் 105 பேருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற எல்லையும் வந்தது. புலமைப்பரிசில் இல்லாமல், சும்மா அந்த உடுப்பைப் போடுற ஆசையில் பயிற்சிக்குப் போன பெடியள்தான் அதில் வெட்டுப்பட்டது. அவர்களில் இன்னொரு வார்ட் இருந்தானோ தெரியாது.

இதை ஏன் இவ்வளவு மினக்கெட்டுப் பார்க்கிறீங்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கட அறையைக் காட்டலாம். எங்களில் ஒருத்தி பயோ படித்தவள். முதல் தரம் ஒரு சின்னத் தசமத்தால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனாள். இரண்டாம் தரம் இன்னும் கீழே. மூன்றாம் தரம், கடைசித் தரம், கலைப்பிரிவில் எடுத்து இங்கே வந்தாள். 40 யார் ஓட்டத்தை அவங்கள் இரண்டு தசமத்தானத்துக்கு அளக்கிறாங்கள். எங்கட இசட் ஸ்கோர் நாலு தசமத்தானம். "நாலாவது தசமத்தில என்ன தெரியும் எண்டு ஆராவது சொல்லுங்கோவன்" என்று அவள் இன்றைக்கும் கேட்பாள். மூன்று தரம் எடுக்கலாம் என்ற விதி இல்லாவிட்டால் அவள் இந்தக் கட்டிலில் இருந்திருக்க மாட்டாள். அதனால்தான் வார்ட்டுக்கு அவள்தான் கூடக் கத்தினாள் என்று நாங்கள் நினைக்கிறோம். அவள் இல்லை என்கிறாள், அவனுடைய எறிதல் வடிவு, அதுக்காகத்தானாம்.

சனிக்கிழமை இரவும் போன் தலையணையில்தான். முதல் சுற்றிலேயே போவான் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த ஷெடூர் சாண்டர்ஸை இன்னும் யாரும் எடுக்கவில்லை. முதல் சுற்று போனது, இரண்டு, மூன்று, நாலு போனது. அப்பா டீயன் சாண்டர்ஸ் அந்தக் காலத்துச் சூரன், கொலராடோவில் மகனுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். அந்தப் பெயருக்கும் 32 அணிகள் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாக, கிளீவ்லண்ட் எடுத்தது.

அந்த வார இறுதியில் ஏஎல் ரிசல்ட்ஸும் வந்திருந்தது. பயோக்காரியின் தம்பியும் எடுத்தவன். அவன் எடுத்த அழைப்பு வர, ஸ்கிரீனில் கிளீவ்லண்ட் மறைந்து தம்பியின் முகம் வந்தது. நாங்கள் மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அவன் புள்ளியைச் சொல்லவில்லை. "அக்கா, ரெண்டாம் தரத்துக்கு அப்ளிகேஷன் எப்ப போடோணும்?" என்றுதான் கேட்டான்.

அவள் எழும்பி, மேசையில் கொப்பியும் பேனையும் தேடினாள்.