அரியலூர்ல கடலைக் காய்ச்சினோம்!

மே மாசம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். கர்சீஃபைத் தலையில போட்டா அதுவும் கொதிக்குது! செமஸ்டர் முடிஞ்ச கையோட, "எங்க ஊருக்கு வாங்கடா, கடல் காட்டுறேன்"னு அரியலூர் நண்பன் கூப்பிட்டான். மேப்ல பார்த்தா அரியலூருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்ல. இருந்தாலும் சோறு போடுறேன்னு சொன்னவனை நம்பாம எப்படி? மூணு பேரா கிளம்பிட்டோம்.

முதல் ஸ்டாப், ஆலத்தூர் வட்டத்துல இருக்கிற சாத்தனூர். அங்கே ஒரு மரம் படுத்திருக்கு பாஸ்! நீளம் 18 மீட்டர். தட்டிப் பார்த்தா கல்லு. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால கடல் இங்கே உள்ளே வந்தப்போ, மண்ணுக்குள்ள புதைஞ்சு கல்லா மாறின மரம். 1940-ல புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னார். "கடல் காட்டுறேன்னியே, தண்ணி எங்கடா?"ன்னு கேட்டோம். "நீங்க கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க"ன்னான்.

அங்கேயிருந்து அரியலூர் பக்கம் அவன் கிராமம். வீட்டுக்குள்ள நுழைஞ்சா கரன்ட் இல்ல. ஃப்ரிட்ஜும் அவுட். எங்க கூட வந்த மூணாமத்தவன் ஜப்பான் பைத்தியம். பையிலேருந்து ரெண்டு பாக்கெட் கடல்பாசியை எடுத்தான். "இன்னிக்கு மிசு யோக்கான் பண்றோம் மச்சி!"

ஜப்பான்ல வெயில் காலத்துக்குன்னே பண்ற இனிப்பு அது. 'மிசு'ன்னா தண்ணி. அசுகின்னு ஒரு செவப்புப் பயறை வேகவெச்சு, மசிச்சு, சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்து உறைய வெச்சு, குளுகுளுன்னு வெட்டிச் சாப்பிடுவாங்க. அரியலூர்ல அசுகிக்கு எங்கே போக? "காராமணி இருக்கே தம்பி"ன்னாங்க நண்பனோட அப்பாயி. ரெண்டும் ஒரே பேரினம்தான், சொந்தக்காரங்க! அன்னிக்கு ராத்திரியே கால் கிலோ ஊறப் போட்டாச்சு.

காலையில குழைய வேகவெச்சு, மசிச்சு, சல்லடையில தேய்ச்சுத் தோலை எடுத்தோம். 10 கிராம் கடல்பாசியை அரை மணி நேரம் ஊறவெச்சு, முக்கால் லிட்டர் தண்ணியில ஒரு இழைகூட இல்லாம கரையுற வரைக்கும் காய்ச்சினோம். நாட்டுச் சர்க்கரை, பயறு விழுது எல்லாம் கலந்து, கொதிக்கக் கொதிக்கத் தட்டுல ஊத்தினோம். ஃப்ரிட்ஜ் இல்லையேன்னு முழிச்சப்போ, அப்பாயி ஒரு அகலச் சட்டியில பானைத் தண்ணியை ஊத்தி, அதுக்குள்ள தட்டை வெச்சாங்க. ஜெலட்டின்னா அந்த வெயிலுக்குக் கஞ்சியாகியிருக்கும். கடல்பாசி அப்படியில்ல. 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைஞ்சிடும், திரும்ப உருக 85 டிகிரி வேணும். நம்ம ஊரு வெயிலுக்குன்னே பொறந்த பொருள்! ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் கடல்ல மூழ்கிப் பறிச்சுட்டு வர்ற பாசியிலிருந்தும் இதைத் தயாரிக்கிறாங்க.

ஒரு மணி நேரம் கழிச்சு வெட்டினா... அய்யோ! அடியில பயறு தனி, மேல கண்ணாடி மாதிரி ஜெல்லி தனி. ஃப்ளாப்! ஜப்பான்காரன் மூஞ்சி தொங்கிடுச்சு.

ஆனா அரியலூர்க்காரன் தட்டையே உத்துப் பார்த்தான். "டேய், நீங்க கேட்ட கடல் இதான்டா"ன்னான். கனமானது அடியில படியும், அடுக்கு அடுக்கா சேரும். அப்படித்தான் சிப்பியும் நத்தையும் சேறும் படிஞ்சு, கோடி வருஷம் இறுகி, இந்த ஊரு சுண்ணாம்புக் கல் ஆச்சாம். பக்கத்துல இருக்கிற கல்லங்குறிச்சி சுண்ணாம்புக் கல்லுல சிப்பி சிப்பியா இருக்கும். அதை வெட்டித்தான் சிமென்ட் பண்றாங்க. அப்போ நம்ம ஹாஸ்டல் சுவத்துலகூட ஒரு பழைய கடல் ஒளிஞ்சிருக்கலாம்!

அப்பாயி உள்ளே போய் ஒரு கல்லை எடுத்துட்டு வந்தாங்க. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டது. அம்மோனைட். டைனோசர் காலத்தோட அழிஞ்சுபோன கடல் ஜீவன். அந்த வீட்ல கதவு சாத்தாம இருக்க முட்டுக்கொடுக்கிறதே அதுதான்! "எங்க பழைய கொல்லையில கெடச்சது. கொல்லை இப்போ சுண்ணாம்புக் குழி. வித்த காசுல இவன் அப்பனைப் படிக்க வெச்சோம், வீடு கட்டினோம். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நெலம் போச்சு, இந்தக் கல்லுதான் மிச்சம்"னு சொல்லிட்டு முந்தானையால அதைத் துடைச்சாங்க. கொஞ்ச நேரம் யாருமே பேசல.

மிச்சம் ஒரே ஒரு பாக்கெட். "அவசரப்படாத. ஆறவிட்டுக் கிண்டு, கெட்டியாகுறப்போ ஊத்து"ன்னாங்க அப்பாயி. ஜப்பான் சமையல்லயும் அதேதான் சூட்சுமம்னு நண்பன் அப்புறம்தான் ஒப்புக்கிட்டான்! கைபொறுக்கிற சூடு வர்ற வரைக்கும் கிண்டி ஊத்தினோம். இந்த முறை மேலும் கீழும் ஒரே நிறம். வாயில வெச்சா மெதுவா உடைஞ்சு கரையுது. அப்பாயி ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, "நொங்கு அளவுக்கு இல்ல, ஆனா நல்லாருக்கு"ன்னு மார்க் போட்டாங்க.

கிளம்புறப்போ அந்தக் கல்லைக் கேட்டுப் பார்த்தோம். தரல. "வாரணவாசியில மியூசியம் இருக்கு, அங்கே போய்ப் பாருங்க. இது எங்க கொல்லை"ன்னுட்டாங்க.

போனோம், பார்த்தோம். அங்கே இருந்த ஒவ்வொரு கல்லைப் பார்க்கிறப்பவும், இது யாரோட கொல்லையா இருந்திருக்கும்னுதான் தோணுச்சு!