தொட்டியிலிருந்து தப்பிய பாசி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே எதிரி, பாறைமேல் முடி முடியாகப் படரும் பச்சைப் பாசி. மீன் தின்றது போக மிஞ்சிய தீவனமும் மீனின் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கின்றன. மேலே விளக்கு எரிகிறது. பாசிக்கு வேறென்ன வேண்டும்?

சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தவர்கள் கடைசியில் நாடுவது, பாசியை வைத்தே பாசியை ஒடுக்கும் வழி. பக்கத்தில் ஓர் அறை ஒதுக்கி, வேகமாக வளரும் வேறொரு பாசியை வளர்க்க வேண்டும். சத்தை அது முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். அவ்வப்போது ஒரு பிடி பறித்தெறிந்தால் சத்தும் கூடவே வெளியேறும்.

இந்த வேலைக்கு நெடுங்காலம் பெயர்போனது காலெர்ப்பா. இறகு போன்ற இலையும் கண்ணுக்கு அழகு. ஆனால் விவரமறிந்தவர்கள் இன்று அதைத் தொடாதே என்கிறார்கள். கலிபோர்னியாவில் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தொட்டியில் வளரும் பாசிக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர் என்று தேடிப் போனேன். தடம் மொனாக்கோவில் கடலோரப் பாறைமேல் நிற்கும் கடலியல் அருங்காட்சியகத்தின் அடிவாரத்துக்குக் கொண்டுபோனது.

1984-ல் அங்கே கடலடியில் காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற இனம் கண்ணில் பட்டபோது, அதன் பரப்பு ஒரு சதுர மீட்டர்தான். 1989-ல் சுமார் ஒரு ஹெக்டேர். அருங்காட்சியகத் தொட்டியிலிருந்துதான் அது வெளியேறியது என்று நீஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மெய்னெஸ் குரல் எழுப்பினார். அருங்காட்சியகத் தரப்பு மறுத்தது. சூயஸ் கால்வாய் வழியே தானாக வந்திருக்கலாம் என்றெல்லாம் விளக்கம் சொன்னது. 1984-ல் அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர் வேறு யாருமல்ல, கடலைக் காக்கச் சொல்லி உலகெங்கும் பேசிய ஜாக் கூஸ்தோ!

மொனாக்கோவுக்கு அது பிரான்சின் நான்சி நகர மீன்காட்சியகத்திலிருந்து வந்திருந்தது. நான்சிக்குக் கொடுத்தது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர வில்ஹெல்மா விலங்குக்காட்சி சாலை. 1970-களிலேயே அதை அங்கே வளர்த்துவந்தார்கள். நன்றாக வளர்கிறதே என்று கைமாறிய பாசி இது. 1998-ல் வெளியான மரபணு ஆய்வு, தொட்டிப் பாசியும் மத்தியதரைக் கடல் பாசியும் ஒன்றே என்று காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் பூர்விகத் தடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அருகிலுள்ள மோர்ட்டன் விரிகுடாவரை நீண்டது.

வெப்பக் கடல் காலெர்ப்பாக்கள் குளிரில் மடியும். இந்த ரகம் மத்தியதரைக் கடலின் குளிர்காலத்தையே தாண்டியது. எத்தனை நீளம் படர்ந்தாலும் காலெர்ப்பாவின் உடல் முழுவதும் ஒரே செல். துண்டானால் காயத்தை அடைத்துக்கொண்டு, அந்தத் துண்டு தனிச் செடியாகிவிடும். நச்சுப் பொருள் இருப்பதால் மேய்கிற உயிர்களும் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். தொட்டிக்கும் இது ஆபத்தானதே. சில வேளை ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குத் திரும்பி, வெளுத்துச் செத்து, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். பாசியை ஒடுக்க வந்தது பாசிக்கே தீனி போடும்.

2000 ஜூனில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரக் காயலிலும் அதே ரகம் முளைத்திருந்தது. அங்கே தாமதிக்கவில்லை. பாசிமேல் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, அடியில் குளோரின் செலுத்திக் கொன்றார்கள். 2006-ல் ஒழிந்ததாக அறிவிக்கும்போது செலவு 70 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இந்த இனத்தையும் அதன் உறவுப் பாசிகள் சிலவற்றையும் வைத்திருக்க 2001-லேயே தடை வந்துவிட்டது.

இப்போது பலரும் கேட்டோமார்ஃபா என்ற நார்ப்பாசிக்கு மாறியிருக்கிறார்கள். பின்னிய கம்பிச் சுருள் மாதிரி இருக்கும். பாறையில் ஒட்டாது, வாரி எடுப்பதும் சுலபம். எந்தப் பாசி வளர்த்தாலும், பறித்ததைக் கடலிலோ ஓடையிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். பையில் கட்டி, ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.