அன்னமிடும் கையும் அளவும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயர். ஆயினும் அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. முன்பு உண்டது செரித்த பின்னர் அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. அவ்வறிவுரை இன்று நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியதாகிவிட்டது.

நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து உழைத்தவர்கள். உண்ட சோறு அவ்வுழைப்பிலேயே கரைந்தது. பசியின் கொடுமையை அறிந்த அவர்கள், பிள்ளையின் தட்டை நிரப்புவதையே அன்பெனக் கொண்டனர். ஒரு பருக்கையும் மிஞ்சலாகாது என்று கேட்டே நாம் வளர்ந்தோம். அந்த அன்பு நம்மிடம் தொடர்கிறது. அந்த உழைப்போ தொடரவில்லை. பள்ளிக்கு வேனில் சென்று திரும்பும் பிள்ளை, மாலையில் கைப்பேசியின் முன் அமர்ந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாழையிலைச் சோறும் வடையும் ஜிலேபியும் நம்மை அழைக்கின்றன. விருந்து நாளில் விருந்துண்பது குற்றமன்று. நாள்தோறும் விருந்துண்பதே கேடு.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலானோரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி கலந்த பானத்தை 320 மில்லிலிட்டர் டின் ஒன்று பருகினால், 32 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ 8 தேக்கரண்டி, உடலில் சேர்கிறது. மிகை எடை இளமையிலேயே நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கல்லீரல் கொழுப்புக்கும் வழிகோலும். நீரிழிவு நம் நாட்டு இந்தியரிடையே மிகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

பருத்த பிள்ளையைக் 'குண்டு' என்று ஏளனம் செய்வது தகாது. துயரத்தாலும் தனிமையாலும் சில சிறுவர் ஒளித்து உண்பதுண்டு. ஏசினால் மேலும் ஒளிப்பர். கனிவுடன் காரணம் கேட்போம். பிள்ளையால் நிறுத்த இயலவில்லையெனில் சுகாதார நிலையத்து மருத்துவரை நாடுவோம். பட்டினி போடுதலும் தீங்கே. வளரும் உடலுக்கு உணவு இன்றியமையாதது.

மாணவச் செல்வங்களே! வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரமாகும். ஆதலின் மெல்ல மென்று உண்போம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உண்போம். சீனிப் பானத்திற்குப் பதிலாக நீர் அருந்துவோம். மாலையில் திடலில் ஓடியாடுவோம்.

பெற்றோர்களே! பிள்ளை 'போதும்' என்று சொன்ன பின் இன்னொரு கரண்டி இடாதீர்கள். அந்தச் சொல்லை மதிப்பதும் அன்பே.