சாராளை யாரும் கேட்கவில்லை

பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் அம்மா என்னை அடிலெய்டுக்கு அனுப்பினார். "வீட்ட வித்துட்டு வண்டியில குடியிருக்காங்க. போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. நீ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு." டிக்கெட்டில் பாதிப் பணத்தையும் அவரே கொடுத்தார். அம்மா அப்படியெல்லாம் செலவு செய்கிறவர் அல்ல.

பெரியப்பாவுக்கு 72 வயது, பெரியம்மாவுக்கு 68. சிரம்பானில் ஆசிரியராக இருந்த பெரியப்பா 1991இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்த கொஞ்ச காலத்தில் வீட்டை விற்று, ஒரு கேரவனும் அதை இழுக்க ஒரு ஃபோர் வீல் டிரைவும் வாங்கினார். ஓய்வு பெற்றபின் இப்படி ஊர் ஊராகப் போகிறவர்களை அங்கே 'கிரே நோமாட்ஸ்' என்கிறார்கள். நரைத்த நாடோடிகள். தெற்கில் குளிர் தொடங்கியதும் வெயிலைத் தேடி வடக்கே ஏறுவார்கள். வடக்கில் மழையும் புழுக்கமும் வருமுன் வீடு திரும்பிவிடுவார்கள். இவர்களுக்குத் திரும்ப வீடு இல்லை. மூன்று கிறிஸ்துமஸ் சாலையிலேயே போயிருந்தது.

பெரியப்பா இதைச் சுற்றுலா என்று சொல்லமாட்டார். அழைப்பு என்பார். "ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பும்போது வயசு 75மா. நான் ஆறு வருஷம் முன்னாடியே கிளம்பிட்டேன்" என்று என்னைப் பார்த்ததும் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மன் படம்தான். நானோ அதற்கும் விளக்கேற்றுவதை விட்டு வருடங்களாகிவிட்டன. பெரியம்மாவும் அந்தப் படத்தின் முன்னால் வளர்ந்தவர்தான். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து மெதடிஸ்ட் ஆனார். ஆஸ்திரேலியாவில் மெதடிஸ்ட் சபை 1977லேயே மற்ற சபைகளோடு சேர்ந்து யூனைட்டிங் சர்ச் ஆகியிருந்ததால், அங்கே போனதும் அதுவாகவும் ஆனார். பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் பெரியம்மா கூடவே போயிருக்கிறார்.

போர்ட் அகஸ்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை தொடங்குகிறது. அங்கிருந்து டார்வின் வரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். சிவப்பு மண், புதர், வானம். எதிரே 'ரோட் டிரெய்ன்' வரும். பின்னால் மூன்று நான்கு பெட்டிகளைக் கோர்த்துக்கொண்டு 50 மீட்டருக்கும் மேல் நீளமான லாரி. அது கடக்கும்போது எங்கள் கேரவன் ஒருமுறை உதறிக்கொள்ளும். எதிரில் இன்னொரு கேரவன் வந்தால் பெரியப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அவர்களும் தூக்குவார்கள். இருட்டினால் கங்காருவும் மாடும் சாலைக்கு வந்துவிடும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே எங்காவது நிறுத்திவிடவேண்டும்.

கேரவனுக்குள் எல்லாவற்றுக்கும் ரப்பர் பேண்ட். மசாலா டின்களுக்கு, தட்டுகளுக்கு, மேல்தட்டில் இருந்த தமிழ் பைபிளுக்கு. அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்துவைத்துப் பாத்திரம் கழுவினார் பெரியம்மா. கழிவறைத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவது பெரியப்பாவின் வேலை. ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போய் அதைக் கழுவிவிட்டு வருவார். எனக்கு அது ஆச்சரியம். சின்ன வயதில் நான் பார்த்த பெரியப்பா தண்ணீர் கிளாஸைக்கூட எடுத்துவைக்க மாட்டார். சபையில் பொருளாளராக இருந்தபோது கணக்குச் சண்டையில் யாரோடும் பேசாமல் இருந்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். இப்போதோ டயர் வெடித்து நின்ற யாரோ ஒருவருக்காகக் கொளுத்தும் வெயிலில் ஒன்றரை மணிநேரம் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாலையோரத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு ஜெபம் செய்தபோது, பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கண்ணை மூடி அவர் பேசியதைக் கேட்டபோது, இந்த மனிதருக்குச் சாலை ஏதோ கொடுத்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அம்மாவிடம் "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கூபர் பீடியில்தான் அந்த நினைப்பு மாறியது. அது ஓப்பல் கல் தோண்டும் ஊர். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் நிறையப் பேர் பாறையைக் குடைந்து நிலத்தடியில் வீடு கட்டியிருக்கிறார்கள். தேவாலயங்களும் அப்படித்தான். உள்ளே சுவரெல்லாம் குடைந்த தழும்பு. குளுகுளுவென்று இருந்தது. பெரியப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி இருக்கையில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து ஓரமாக எதையோ தேடிக்கொண்டு போனார். பின்னால் போய் என்னவென்று கேட்டேன்.

"இல்லமா, டீ எங்க போடுவாங்கன்னு பாத்தேன்."

அன்றிரவு அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். நம் ஊர் 555 நோட்டு. கடைக் கடன் எழுதுகிற அதே குட்டி நோட்டு. யாரோ மலேசியாவிலிருந்து கட்டாக வாங்கி வந்து கொடுத்ததாம். அடிலெய்டு சபையில் ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் மதியச் சாப்பாட்டை 25 வருடத்துக்கும் மேல் பெரியம்மாதான் பார்த்துக்கொண்டார். நம் ஊரிலிருந்து படிக்கப் போன பிள்ளைகள், கேரள நர்ஸுகள், புதிதாக வந்து இறங்கிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் அந்தச் சாப்பாட்டுக்கு வருவார்கள். நோட்டில் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். மார்ச்சில் பிரசவம். அப்பா ஆஸ்பத்திரியில். விசா இன்னும் வரவில்லை.

"இத வெச்சுத்தான் தினமும் ஜெபம் பண்றேன்" என்றார். பிறகு ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார். "இந்தப் பிள்ளைக்குப் பி.ஆர். கிடைக்கணும்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். கிடைச்சுதா இல்லையான்னு தெரியல. நம்பரும் மாத்திட்டா போல. கெடைச்சிருந்தா நன்றி சொல்லணும்ல. தெரியாம கேட்டுக்கிட்டே இருக்கறது ஒரு மாதிரி இருக்குமா."

பெரியப்பாவிடம் சொல்லவேண்டியதுதானே என்றேன். தூங்குகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆபிரகாம கடவுள் கூப்பிட்டாரு, அவரு கெளம்பிட்டாரு. சாராள யாராச்சும் கேட்டாங்களா? பைபிள்ல தேடித் தேடிப் பாத்துட்டேன். எங்கயும் இல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "ஊர் ஊரா கூடாரம் போட்டுப் போட்டு, கடைசியில அந்த நாட்டுல ஆபிரகாம் காசு கொடுத்து வாங்குன மொத எடம் எது தெரியுமா? மக்பேலா குகை. எதுக்கு? சாராள அடக்கம் பண்ண."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் ஜான் ஃபிளினின் கல்லறை இருக்கிறது. அங்கே போகவேண்டும் என்று பெரியப்பா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பர்சிலிருந்து 20 டாலர் நோட்டை எடுத்து அதில் இருந்த முகத்தைக் காட்டினார். பிரெஸ்பிட்டேரியன் போதகர். 1912இல் உள்நாட்டு மிஷனைத் தொடங்கியவர். டாக்டரே இல்லாத இந்தப் பாலைவெளியில் விமானத்தில் டாக்டரை அனுப்பலாம் என்று கனவு கண்டு, 1928இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் அதைத் தொடங்கியும் வைத்தவர். 'ஃபிளையிங் டாக்டர்' சேவை இன்றும் நடக்கிறது. ஒரு போதகர் நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை என்பதற்குப் பெரியப்பாவின் சாட்சி அவர்தான்.

கல்லறைமேல் பெரிய உருண்டைப் பாறை ஒன்று இருந்தது. அதைப் பற்றி நான் போனில் படித்தேன். ஃபிளின் 1951இல் இறந்தார். அடுத்து வந்த வருடங்களில் நினைவிடம் கட்டியவர்கள், வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கார்லு கார்லுவிலிருந்து ஒரு பாறையைக் கொண்டுவந்து வைத்தார்கள். கார்லு கார்லு அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமான இடம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பல வருடம் பேசிப் பேசி, கடைசியில் 1999இல் அந்தப் பாறை அதன் இடத்துக்கே திரும்பிப் போனது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் அரெர்ன்டே மக்கள் வேறொரு பாறையைத் தந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

நான் படித்து முடித்ததும் பெரியப்பா, "நல்ல மனுஷனுக்குத்தானே வெச்சாங்க. கெட்ட எண்ணம் ஒன்னும் இல்லயே" என்றார்.

"கெட்ட எண்ணம்னு யாருங்க சொன்னா? கேக்கலன்னுதானே சொல்றாங்க" என்றார் பெரியம்மா.

யாரும் பேசவில்லை. பெரியம்மாதான் மறுபடியும், பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருப்பிக் குடுத்ததால அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு? இப்பவும் கல்லு இருக்குல்ல."

மறுநாள் வடக்கே போனோம். பெரியப்பா ரேடியோ போடவில்லை. எதிரில் வந்த கேரவன்களுக்கு விரலைத் தூக்கவும் மறந்துபோனார். கார்லு கார்லுவை அடைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய உருண்டைப் பாறைகள். சில ஒன்றன்மேல் ஒன்றாக, இப்போது விழுந்துவிடும்போல நிற்கின்றன. திரும்பி வந்த பாறை எது என்று நாங்கள் தேடவில்லை. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் மண்ணில் நின்றார். அது அம்மன் கோயில் பழக்கமா, பைபிளில் மோசே செய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்று டீ போட்டது பெரியப்பா. பால் கூடிப்போயிருந்தது. பெரியம்மா கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த நோட்டுல இருக்கறவங்கள்ல எத்தன பேரு இன்னும் அடிலெய்டுல இருப்பாங்க?"

அப்படியென்றால் அன்றிரவு கேரவனில் அவர் தூங்கவில்லை. பெரியம்மா டீயை ஊதினார். "போனாத்தான் தெரியும்."

"போலாமா?"

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக வந்த கேள்வி. அவசரமில்லாமல் இரண்டு மடக்கு குடித்தார். "வருஷம் பூரா வேணாம். குளிருக்கு நீங்க கூப்ட்டா வரேன்" என்றார்.

டார்வினிலிருந்து சிங்கப்பூர் வழியாக வீட்டுக்கு வந்தேன். பையைக் கீழே வைக்குமுன் அம்மா கேட்டார், "அக்கா எப்படி இருக்கா?" ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பால் கூடிப்போச்சாமா?" என்று சிரித்தார்.

இப்போது அடிலெய்டில் சபைக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை கொண்ட ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை சாலை, மிச்ச மாதங்கள் சமையலறை. சுவர் அசையாததால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று பெரியப்பா புலம்புகிறாராம். நான்கு மாதம் போதாது என்று இன்னும் பேரம் பேசுகிறார். பெரியம்மா அசைந்துகொடுக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வீடியோ காலில் அந்த 555 நோட்டைக் காட்டினார். நிறையப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. சிலர் மெல்பர்னுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். விசாவுக்காகக் காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு, இவர்கள் கேரவனில் கிளம்பிய அதே வருடமே பி.ஆர். கிடைத்துவிட்டதாம்.

"அப்ப இத்தன வருஷம் சும்மாவா கேட்டீங்க பெரியம்மா? எல்லாம் வேஸ்ட்டா?" என்றேன்.

"வேஸ்ட்டா?" கரண்டியைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அது வேற யாருக்காச்சும் போயிருக்கும்."